எழும்பூரின் மிகப் பெரிய காட்சிப்பொருள்

பழைய சென்னைவாசிகளுக்கு மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்', எழும்பூர் அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்'. கேலிபோலத் தோன்றினாலும் அதில் ஒரு வரலாற்றுச் செய்தி இருக்கிறது. 1851இல் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது எழும்பூரில் அல்ல. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், கிழக்கிந்தியக் கம்பெனியின் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி மாடியில். அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் ஒரு ராணுவ மருத்துவர். கையில் இருந்தவை பெரும்பாலும் கற்களும் கனிமங்களும்தான். உயிர் காலேஜும் அருங்காட்சியகத்தின் பிள்ளைதான். 1855இல் ஒரு புலிக்குட்டியையும் சிறுத்தைக்குட்டியையும் வைத்து பால்ஃபர் தொடங்கிய அந்தக் காட்சிசாலை, 1863இல் பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் மாறியது. விலங்குகள் போயின, பாடம் செய்த விலங்குகள் மிஞ்சின. பெயரும் ஒட்டிக்கொண்டது.

இன்றும் பாந்தியன் சாலைக்கு வருபவர்கள் திருவாலங்காட்டு நடராஜரைப் பார்க்கிறார்கள், திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்க்கிறார்கள், அமராவதிச் சிற்பங்களுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து வரிசையாகப் போகிறார்கள். வளாகத்தில் இருப்பவற்றிலேயே அளவில் பெரியதும், செய்து முடிக்க அதிக நாள் பிடித்ததும், அதிகப் பேர் கைபட்டதுமான பொருளை மட்டும் யாரும் நின்று பார்ப்பதில்லை. அந்தப் பொருள் கட்டடம். பார்க்காதது அவர்கள் குற்றமும் அல்ல. ஒரு அடி உயர வெண்கலச் சிலைக்குக்கூட எந்த ஊர், எந்த நூற்றாண்டு என்று அட்டை எழுதி வைக்கும் வழக்கம், சிலைக்கு நிழல் தரும் கூரை என்று வந்ததும் நின்றுவிடுகிறது.

அந்த அட்டையை எழுதுவதானால் 1778இலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஆண்டில்தான் ஹால் பிளமர் என்ற கம்பெனி அதிகாரிக்கு எழும்பூரில் ஏறத்தாழ 43 ஏக்கர் நிலம் கொடுக்கப்பட்டது. பிளமர் அதிகாரி மட்டுமல்ல, கட்டட ஒப்பந்தக்காரரும்கூட. அரசு வேலையும் அரசு ஒப்பந்தமும் ஒரே கையில் இருப்பதை அந்தக் காலத்துச் சென்னை பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1793இல் அவர் அந்த இடத்தை 24 பேர் கொண்ட குழுவிடம் ஒப்படைத்தார். வெள்ளைக்காரர்களின் விருந்து, நடனம், நாடகம் ஆகியவற்றை நடத்துவது அந்தக் குழுவின் வேலை. பாந்தியன் என்ற பெயர் அந்தக் கேளிக்கை மண்டபத்துக்கு உரியது. கேளிக்கை ஓய்ந்தபின் 1821இல் முக்கியக் கட்டடத்தையும் தோட்டத்தின் நடுப்பகுதியையும் மூரட் என்ற ஆர்மீனிய வணிகர் வாங்கினார். 1830இல் 28,000 ரூபாய்க்கு அரசுக்கே திருப்பி விற்றார். கலெக்டர் கச்சேரி நடந்த அந்த வீட்டுக்கு 1854 கடைசியில் பால்ஃபரின் கற்கள் குடிபெயர்ந்தன.

ஆக, ஆட்டபாட்டத்துக்கு என்று எழுப்பிய வீட்டில் கச்சேரி நடந்து, அதற்குப் பிறகே அங்கே அருங்காட்சியகம் வந்தது. பொருள்கள் சேரச் சேர அறைகள் போதவில்லை. பத்தாண்டுக்கு ஒரு கட்டடம் என்று ஒட்டுப்போட்டுக்கொண்டே போனார்கள். இன்றைக்கும் வளாகத்தில் வழி கேட்காமல் ஒரு கூடத்திலிருந்து அடுத்த கூடத்துக்குப் போக முடியாததற்கு அந்த ஒட்டுகள்தான் காரணம்.

பெரிய வேலை 1890களில் நடந்தது. அரசின் கட்டடக் கலைஞராக இருந்தவர் ஹென்றி இர்வின். சிம்லாவில் வைசிராய்க்கு மாளிகை கட்டிவிட்டுச் சென்னைக்கு வந்தவர். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தை முடித்தவர். மைசூர் அம்பா விலாஸ் அரண்மனைக்குப் பின்னாளில் வரைபடம் போட்டவர். அவர் வடிவமைத்த கன்னிமாரா நூலகத்தின் அடிக்கல் 1890இல் நாட்டப்பட்டது, திறப்பு 1896 டிசம்பர் 5இல் நடந்தது. சொற்பொழிவுகளுக்கென்று அரைவட்ட வடிவில் எழுந்த மியூசியம் தியேட்டரும் அதே காலத்தது. இவற்றோடு சேர்த்து ஏறத்தாழ 200 அடி உயரத்தில் ஒரு கோபுரமும் கட்டினார்கள். உயர் நீதிமன்றத்துக் கலங்கரை விளக்கத்தைவிட உயரம். ஆனால் அது நிற்குமா என்ற சந்தேகம் உடனே எழுந்தது. 1897இல் இடித்துவிட்டார்கள்.

எழும்பூர்க் கட்டட வரலாற்றிலேயே சுவையான பகுதி இந்தக் கோபுரம்தான். இர்வின் சாமானியர் அல்லர். அவருக்குக் கிடைத்த ஒப்பந்தக்காரரும், பார்க்கப்போகிறபடி, சாமானியர் அல்லர். அப்படிப்பட்டவர்கள் எழுப்பியதும் பாதுகாப்பில்லை என்று தெரிந்தால், முகத்தைப் பார்க்காமல் இறக்க வேண்டியதுதான். கட்டுவது ஒரு சோதனை என்பதையும், அதில் தோற்கவும் நேரும் என்பதையும் ஒரு பள்ளி மாணவருக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை கிடைக்காது. அந்தக் கோபுரம் நின்ற இடத்தைச் சுட்டி நான்கு வரி எழுதி வைத்தால், கடந்துபோகும் ஒவ்வொரு வகுப்பும் அங்கே ஐந்து நிமிடம் நிற்கும்.

அடுத்து வந்தது விக்டோரியா நினைவு மண்டபம். இன்று தேசியக் கலைக்கூடம் என்று அறியப்படும் சிவந்த கட்டடம். மகாராணி 1901இல் காலமானார். 1906 ஜனவரியில் வேல்ஸ் இளவரசர், அதாவது பின்னாளைய ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், அடிக்கல் நாட்டினார். 1909 மார்ச்சில் ஆளுநர் ஆர்தர் லாலி திறந்துவைத்தார். முதலில் அங்கே இருந்தவை விக்டோரியா தொழில்நுட்ப நிலையத்தின் கைவினைப் பொருள்கள். அருங்காட்சியகத்தின் நூற்றாண்டை ஒட்டி 1951இல்தான் அது கலைக்கூடமானது. ராஜா ரவிவர்மாவின் ஓவியங்களுக்கும் அங்கே இடம் கிடைத்தது.

முகப்பைப் பார்த்தால் ஃபத்தேபூர் சிக்ரி ஞாபகம் வரும். வர வேண்டும் என்றுதான் இர்வின் வரைந்தார். லண்டனில் இருந்த ஒரு ராணியின் நினைவுக்கு, முகலாயர் ஒருநாளும் தலைநகராகக் கொள்ளாத ஒரு கடற்கரை ஊரில், அக்பரின் வாசலை நிறுத்தியது விசித்திரமான யோசனை. இந்தோ-சாரசனிக் என்று இந்தப் பாணிக்குப் பெயர். தங்களுக்கு முன் ஆண்டவர்களின் உடையை எடுத்துப் போட்டுக்கொண்டால் ஊர் தங்களையும் அந்த வரிசையில் வைத்துப் பார்க்கும் என்ற ஆசை அதில் தெரிகிறது. அரசியலைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் கல் வேலை கண்ணை விட்டுப் போகாது. முகப்புக்கு இளஞ்சிவப்பு மணற்கல் சத்தியவேட்டிலிருந்து வந்தது. அப்போது அது செங்கல்பட்டு மாவட்டம், இன்று ஆந்திராவுக்குள் இருக்கிறது. கல் சென்னைக்குப் பக்கத்தில் வெட்டியது. வடிவம் மட்டும் ஆக்ரா பக்கத்தில் பிறந்தது.

அந்தக் கல்லை வரவழைத்து, சாரம் கட்டி, ஆள் வைத்து, வரைபடத்தைச் சுவராக்கியவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். 1856இல் பிறந்தவர், 1925இல் மறைந்தவர். சென்னை நூறாண்டுக்கு மேலாகத் தன் அஞ்சலட்டைகளில் அச்சடித்துக்கொள்ளும் சிவப்புக் கட்டடங்களில் பாதிக்கு மேல் அவர் கையால் எழுந்தவை: உயர் நீதிமன்றம், சட்டக் கல்லூரி, விக்டோரியா பப்ளிக் ஹால், கடற்கரைச் சாலையில் இன்று பாரத ஸ்டேட் வங்கி இருக்கும் மாளிகை, கன்னிமாரா, இந்த மண்டபம். சென்னையில் முதன்முதலில் மோட்டார் கார் வாங்கிய இந்தியர் என்றும் அவரைச் சொல்வார்கள். கணித மேதை ராமானுஜன் 1920இல் உயிர்விட்ட சேத்துப்பட்டு வீடு அவருடையது. ராமானுஜன் வரலாற்றில் வீட்டுக்காரராக ஒரு வரியும், இர்வின் வரலாற்றில் ஒப்பந்தக்காரராக ஒரு வரியும் அவருக்குக் கிடைக்கின்றன. அவருக்கே அந்தக் கதி என்றால், அவரிடம் வேலை பார்த்த மேஸ்திரி, கொத்தனார், கல்தச்சர், ஆசாரி, சித்தாள் பற்றிச் சொல்லவே வேண்டாம். வளைவுகளைச் சுற்றிக் கட்டிய ஒருவரின் பெயர்கூட இன்று புழக்கத்தில் இல்லை.

வேலை செய்தவர் பெயரை எழுதிவைக்கும் பழக்கம் இந்த மண்ணில் இல்லாமல் இருந்ததா? 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் பதில் சுவரிலேயே இருக்கிறது. வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் என்று தலைமைச் சிற்பியின் பெயர் கல்லில் வெட்டியிருக்கிறது. அவரோடு நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என்ற இருவரும் வருகிறார்கள். நாவிதர் பெயர் இருக்கிறது. கோயிலுக்கு அழைத்துவரப்பட்ட தளிச்சேரிப் பெண்கள் 400 பேரின் பெயரும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும்கூட இருக்கின்றன. கொடை கொடுத்தவரின் பட்டியலுக்குக் கீழே உழைத்தவரின் பட்டியலும் இருந்தால் அரசனின் பெருமை குறைந்துவிடும் என்று ராஜராஜன் நினைக்கவில்லை. இளவரசர் அடிக்கல் நாட்டினார், ஆளுநர் திறந்துவைத்தார் என்பதோடு முடித்துக்கொள்வது பிறகு வந்த வழக்கம். சுதந்திரத்துக்குப் பின் இளவரசர் இடத்தில் அமைச்சர் வந்தார்; கல்வெட்டின் அமைப்பு மாறவில்லை.

கொழும்பில் கொஞ்சம் வேறு மாதிரி நடந்தது. அங்குள்ள தேசிய அருங்காட்சியகம், ஆளுநர் வில்லியம் கிரெகரியின் முயற்சியால், 1877 ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்டது. வரைபடம் பொதுப்பணித் துறையின் ஜேம்ஸ் ஸ்மிதருடையது. கட்டியவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். திறப்பு விழாவில், உங்களுக்கு என்ன மரியாதை வேண்டும் என்று ஆளுநர் கேட்டாராம். பட்டமோ நிலமோ கேட்காமல், வெள்ளிக்கிழமைகளில் அருங்காட்சியகத்தை மூடி வைக்க வேண்டும் என்று கேட்டாராம் மரிக்கார். அது ஜும்ஆ நாள். ஆளுநர் ஒப்புக்கொண்டார். பல பத்தாண்டுகள் கழித்து, கண்டியின் கடைசி அரசரின் சிம்மாசனத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபோது, வெள்ளிக்கிழமையும் திறந்துவைக்க வேண்டியிருந்தது. பிரதமர் டி. எஸ். சேனநாயக்க அதற்காக மரிக்காரின் பேரன் சர் ராசிக் ஃபரீதிடம் சம்மதம் வாங்கினார் என்று சொல்லப்படுகிறது. ஒரு நாட்டின் பிரதமர், அரசுக் கட்டடத்தின் கதவைத் திறக்க, அதைக் கட்டியவரின் குடும்பத்தைக் கேட்கிறார். இலங்கையில் அந்தக் கதை இன்றும் வாய்வழியாகச் சுற்றுகிறது. கதையின் தயவில் மரிக்காரின் பெயரும் நிலைக்கிறது.

பெயர் விஷயம் வெறும் மரியாதைக் கணக்கு என்று நினைப்பவர்களுக்கு எழும்பூரிலேயே மறுமொழி இருக்கிறது. எப்படிக் கட்டினார்கள் என்ற அறிவு, கட்டியவர்களோடு சேர்ந்து மறைந்துபோகிறது. பிறகு வருகிறவர்கள் தெரியாமல் கை வைக்கிறார்கள்.

அமராவதிச் சிற்பங்கள் அதற்குச் சாட்சி. சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய அந்தப் பலகைகளை 1880களில் கூடத்தின் சுவரிலேயே சிமெண்ட் வைத்துப் பதித்துவிட்டார்கள். அன்றைக்கு அது நவீன முறை. ஆடாது, அசையாது, திருடவும் முடியாது. ஆனால் சுவரில் ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள் போனது. ஈரத்தோடு உப்பும் போனது. காய்ந்தபோது உப்பு பொரிந்து, கல்லின் மேல்தோலை உரித்தது. பல நூற்றாண்டுகளை, புதைந்தும் உடைந்தும், தாங்கிய சிற்பங்கள் தங்களைக் காப்பாற்றுவதற்காகக் கட்டிய சுவரால் அரிக்கப்பட்டன. கட்டடத்தைத் தனி விஷயமாகவும் காட்சிப்பொருளைத் தனி விஷயமாகவும் பார்த்ததன் விளைவு இது.

கலைக்கூடத்துக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ அதே கதை. கட்டடம் பலவீனமாகிவிட்டது என்று 2000களின் தொடக்கத்தில் பூட்டினார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பூட்டு தொங்கியது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்த வாசலுக்குள் காலடி வைக்காமலே படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். இர்வினின் கோபுரம் பாதுகாப்பில்லை என்றதும் 1897இல் இடித்துவிட்டார்கள். இந்த மண்டபத்தைப் பழுதுபார்ப்பது என்று தீர்மானித்து, பொதுப்பணித் துறை வேலையில் இறங்கவே நமக்கு ஒரு தலைமுறை தேவைப்பட்டது. பணம் இல்லை என்பது பாதிக் காரணம். யாரிடம் கொடுப்பது என்பது மீதி.

பழைய கட்டடம் உயிரோடு இருப்பது சுண்ணாம்பில். அக்காலத்து ஆள்கள் சுண்ணாம்பை நீற்றி, தொட்டியில் ஊறவிட்டு, மணலோடு செக்கில் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விட்டுப் பதப்படுத்தினார்கள். அந்தக் கலவை மெதுவாக, காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி, ஆண்டுக்கணக்கில் இறுகும். மழைக்கு ஈரத்தை வாங்கும், வெயிலுக்கு விட்டுவிடும். மெட்ராஸ் டெரஸ் என்று பேர் வாங்கிய கூரையும் அப்படித்தான்: தேக்கு உத்தரங்களுக்கு மேலே மெல்லிய செங்கல்லை நெட்டுக்குத்தலாகச் சுண்ணாம்பில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியைப் போட்டு இடித்து, தட்டோடு பதிப்பார்கள். கட்டைகுத்து என்று கொத்தனார்கள் சொல்லும் அந்த வேலை தெரிந்த கைகள் இன்று குறைவு. இப்படிப்பட்ட சுவரின்மேல் சிமெண்ட் பூசினால் வெளியே பார்க்க வழவழப்பாக இருக்கும். உள்ளே ஈரம் அடைபட்டு, மென்மையான செங்கல்லும் மணற்கல்லும் தூளாகும். மழைநீர்க் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால் போதும். கைப்பிடிச் சுவரில் ஓர் அரசங்கன்று முளைத்துவிடும். அதை வெட்டிவிடுவார்கள், வேரை விட்டுவிடுவார்கள். அடுத்த ஐப்பசி மழைக்குள் அது மறுபடி துளிர்க்கும்.

இந்த வேலையை, பள்ளிக்கூடச் சுற்றுச்சுவருக்கு விடுவதுபோல, குறைந்த விலைப்புள்ளிக்கு டெண்டர் விட்டால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. சுண்ணாம்பு இறுக நாள் எடுக்கும். பில் போடும் தேதிக்கு நாள் கிடையாது. நிதியாண்டு மார்ச் 31இல் முடிந்துவிடும். சுண்ணாம்புக்கு அந்தத் தேதி தெரியாது.

முடியாத காரியம் என்று சொல்வதற்கும் இல்லை. சேப்பாக்கத்தில் ஆர்க்காட்டு நவாபின் கலச மகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரை இழந்தது. அதைப் பழைய முறையில் மீட்டுக் கட்டினார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதில் இயங்குகிறது. பக்கத்து ஹுமாயூன் மகால், பார்த்தவர்கள் எல்லாம் இனி இடிக்க வேண்டியதுதான் என்று கைவிட்ட கட்டடம். பொதுப்பணித் துறையின் பாரம்பரியக் கட்டடப் பிரிவு, சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் வைத்தே அதையும் நிமிர்த்தியது. வேலை தெரிந்தவர்களை ஊர் ஊராகத் தேடிப் பிடித்தால் கிடைக்கிறார்கள். ஒரு வேலை முடிந்ததும் அவர்களைக் கலைத்து அனுப்பிவிட்டு, அடுத்த வேலைக்கு மறுபடி தேடுவதுதான் சிக்கல். அருங்காட்சியக வளாகத்திலேயே நிரந்தரமாக ஒரு சிறு பட்டறை வைத்து, பத்துப் பதினைந்து கொத்தனார்களும் கல்தச்சர்களும் இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டே கட்டடத்தையும் கவனித்துக்கொண்டால், அரசுக்கு ஆகும் செலவு ஒரு பெரிய புனரமைப்பின் ஓரத்தில்கூட நிற்காது. வெண்கலத்துக்கு வேதியியல் ஆய்வகம் வைத்துப் பெயர் வாங்கிய நிறுவனம் சுண்ணாம்புக்கு ஒரு தொட்டி வைப்பது பெரிய காரியமா?

புதிய அருங்காட்சியகங்கள் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023 மார்ச் 5இல் திறந்த கீழடி அருங்காட்சியகம் 18 கோடி ரூபாய்க்கு மேல் செலவில், செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் எழுந்தது. உள்ளே வைத்திருப்பது ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய செங்கல்லும் உறைகிணறும் பானை ஓடும். பெயர் தெரியாத கைகள் செய்தவை; பானை ஓட்டில் கீறிய ஒரு பெயர் கிடைத்தாலே ஆய்வாளர்கள் கொண்டாடுகிறார்கள். அந்தக் கொண்டாட்டத்துக்குக் கூரை போட்ட கொத்தனார்களின் பெயரை, இருபத்தொன்றாம் நூற்றாண்டில், சம்பளப் பட்டியலே கையில் இருக்கும்போது எழுதி வைப்பதில் என்ன தடை? திறப்பு விழாக் கல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு கல். கூடுதல் செலவு ஒரு நாள் உளிக்கூலி.

சம்பளப் பட்டியல் கையில் இருக்கும் அந்த வசதி எழும்பூருக்கு இல்லை. தேடித்தான் எடுக்க வேண்டும். தேட வேண்டிய இடமும் தூரத்தில் இல்லை. மண்டபம் திறந்த அதே 1909இல் எழும்பூரிலேயே மெட்ராஸ் ஆவணக் காப்பகத்துக்குத் தனிக் கட்டடம் வந்தது. இன்றைய தமிழ்நாடு ஆவணக் காப்பகம் அதுதான். பழைய மாகாணப் பொதுப்பணித் துறையின் நடவடிக்கைக் குறிப்புகள் அங்கே கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஒப்பந்தம் யாருக்கு, கல் எந்தக் குவாரியிலிருந்து, கொத்தனாருக்கு என்ன கூலி, சித்தாளுக்கு என்ன கூலி, கோபுரத்தை இறக்கச் சொன்னது யார் என்ற கேள்விகளை எடுத்துக்கொண்டு போக வேண்டிய இடம் அது. கட்டடக் கலை மாணவர்கள் நான்கு பேருக்கும் வரலாற்று மாணவர்கள் நான்கு பேருக்கும் ஓராண்டு உதவித்தொகை கொடுத்து அந்தக் கட்டுகளைப் பிரிக்கச் சொல்லலாம். கலைக்கூடத்தின் அடுத்த டெண்டர் ஆவணத்தை எழுதும் பொறியாளரும் அவர்களோடு சில நாள் உட்கார்ந்தால், எந்த இடத்தில் என்ன கலவை போட வேண்டும் என்ற பத்தியை ஊகத்தில் எழுத வேண்டியிருக்காது.